பேனரில் இடம் போதவில்லை

புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக எங்கள் குடியிருப்புச் சங்கம் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டது. பேனர் அடித்துக் கொடுப்பது என் கடை. ‘பிளேட்லெட் கொடுக்க வாருங்கள்’ என்று பெரிதாகப் போட்டு, தொப்பி போட்ட ஒரு சிறுமியின் படத்தையும் கீழே மருத்துவமனை எண்ணையும் வைத்தேன்.

சிறுமி என் அக்கா மகள். ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். வாய் நீளம் என்பதால் வீட்டில் ‘வக்கீலம்மா’. மூன்று நாளாகப் பஞ்சு அடைத்தும் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கொடுத்தாகிவிட்டது. இனி வெளி ஆட்கள் வந்தால்தான் உண்டு. இதைச் சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக் கதை சொல்லிக் கை நீட்டக் கூடாது என்று ஒரு வீண் வீம்பு.

சங்கச் செயலாளர் வந்து தலைவர் படத்தைச் சேர்த்தார். பிறகு பொருளாளர், துணைத்தலைவர்கள் நான்கு பேர் என்று வால் நீண்டுகொண்டே போனது.

“என் மச்சான் படத்தை விட்டுட்டா வீட்டுல சோறு கிடைக்காதுப்பா. அந்தப் பாப்பா படத்தை எடுத்துடு. நம்பரை எவன் பாக்கப்போறான், அதையும் எடு.”

மொத்தம் பதினாறு தலைகள். குழந்தைகளுக்கான பேனரில் குழந்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல் வரியை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்: ‘பிளேட்லெட் கொடுக்க முன்வந்த நல்லுள்ளங்கள்.’

காலையில் பேனர் ஏறியது. பத்து மணிக்குள் தெருவே அவர்களுக்குக் கைகுலுக்கி முடித்திருந்தது. செயலாளர் கடைக்கு வந்தார்.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்க?”

“தப்புன்னா மாத்திடலாம் சார். ‘கொடுக்க மாட்டோம்’னு போட்டுடட்டுமா?”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“எங்க போய்க் கொடுக்கணும்?”

பதினாறில் ஒன்பது பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். மச்சானுக்கு அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல்.

செயலாளர் கையில் ஏற்றிய ஊசியோடு பிளேட்லெட் கொடுக்கச் சாய்ந்திருந்தபோது, ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அக்கா வந்து அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள்.

“யாருப்பா அவங்க?”

“என் அக்கா சார். அவ பொண்ணுக்குத்தான் இது.”

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“பேனர்ல போட்டிருந்தேன் சார். தொப்பி போட்ட பாப்பா.”

 அந்தப் போட்டோவை அழித்துவிடச் சொல்லி அவர் கையைக் காட்டினார்.

மறுநாள் காலை வக்கீலம்மாவின் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தார்கள்.