வெள்ளிக்கிழமை மௌனம்

திருச்சி ஜில்லா வாழ் பெருமக்கள் தவறாமல் அறிய வேண்டியது: 1956-ஆம் வருஷம் ஆடி மாதம் முதல், எடமலைப்பட்டி புதூர் நெல் வியாபாரி வீரமலை அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாயும்வரை வாய் திறக்கமாட்டார். ஸ்ரீரங்கத்தில் ஓர் உபன்யாசம் கேட்டுவிட்டு வந்து எடுத்த முடிவு. யோசித்துப் பேசு, இல்லாவிட்டால் பேசாதே என்று உபன்யாசகர் மூன்று மணி நேரம் பேசியிருந்தார்.

உலகம் இந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டது. வீடுதான் திண்டாடியது. விரலைச் சொடுக்கினால் வெற்றிலை, தொண்டையைச் செருமினால் காபி, மற்றதெல்லாம் சிலேட்டில். தெருக்காரர்கள் எதிரில் உட்கார்ந்து, அவர் பேசாமல் இருப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

மருமகள் மயிலம்மாளுக்கு எல்லா நாளும் விரதம்தான். மாமனார் எதிரில் வாய் திறக்கக்கூடாது. அவர் உத்தரவில்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது. மூத்த மருமகள் ஒருமுறை எதிர்த்துப் பேசினாள். அவளை மணப்பாறைக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் பெற்ற பிள்ளையை அனுப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், மயிலம்மாளின் மூன்று வயது மகள் ராசாத்தி மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. உடம்பு கொதித்தது. தொண்டைக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. கணவன் நல்லதம்பி விடியும்போதே பொன்மலை ரயில்வே பட்டறைக்குப் போய்விட்டான்.

"அத்தை, புள்ளைக்கு மூச்சு முட்டுது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்."

மாமியார் பவுனம்மாள் குழந்தையைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தாள். "மாமாவைக் கேக்கணுமேடி. இன்னிக்குன்னு பாத்து விரதம்."

"தலையை ஆட்டினாப் போதுமே அத்தை. போய்க் கேளுங்க."

பவுனம்மாள் கேட்டாள். வீரமலை கண்ணை மூடினார், திறந்தார், சிலேட்டில் எழுதினார்: 'யோசிக்கிறேன்.'

"பாத்தீங்களா, கொஞ்சமாச்சும் பதறுறாரா?" என்றார் எதிரில் இருந்த மளிகைக்கடைப் பிச்சை. "நாமளா இருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்போம்."

மத்தியானம் சாப்பிட்டபின்னும் வீரமலை வாசலில் நாற்காலியைப் போட்டு யோசித்தார். யோசனையில் லேசாகக் குறட்டை வந்தது.

உள்ளே, குழந்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு போனால் அடுத்தது வரும்வரை மயிலம்மாள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருமுறை அது வரத் தாமதித்தது. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

நாற்காலி வழியை அடைத்திருந்தது. அவள் சேலை உரசியதும் வீரமலை விழித்தார். விரதம் உடைந்தது.

"ஏய், எங்கடி போறே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சுவரோடு ஒண்டி, நாற்காலியைத் தாண்டி இறங்கி ஓடினாள். பஸ்ஸில் பெரியாஸ்பத்திரி வரும்வரை குழந்தையின் வாயிலிருந்து காதை எடுக்கவில்லை.

டாக்டர் கழுத்தில் துளை போட்டு மூச்சை மீட்டார். "காலையிலேயே கொண்டாந்திருக்கலாமேம்மா" என்றார். துளை ஆறியது. குரல் திரும்பவில்லை.

படி தாண்டியவளை மணப்பாறைக்காரி மாதிரி அனுப்பிவிடலாமா என்று வீரமலை யோசித்துக்கொண்டேயிருந்தார். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று மயிலம்மாள் ராசாத்தியைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, தூங்காமல் கிடந்தாள்.

தை மாதம் உறையூர் அரிசி மண்டிக்காரர் ஒருவர், வீரமலையின் விரதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். வெள்ளிக்கிழமை. நாற்காலியில் தாத்தா, காலடியில் பேத்தி. குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அடடா, தாத்தா குணம் அப்படியே வந்திருக்கே!" என்றார் வந்தவர். "பொம்பளப் புள்ளைன்னா இப்படித்தாங்க அமைதியா இருக்கணும்."

வீரமலை அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மயிலம்மாள் அடுப்படியிலிருந்து வந்து மாமனாருக்கு நேர் எதிரில் நின்றாள்.

"அமைதி இல்லீங்க. அதுக்குக் குரல் போயிருச்சு."