கங்காணியின் இடது கண்

1974ஆம் ஆண்டு, இலங்கையில் பூனாகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இராக்கம்மா இந்தியாவுக்குப் போனாள். மறுநாள் காலை வழக்கம்போல் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் வந்து நின்றாள்.

காரணம், அவள் புருஷன் அழகையா கங்காணியின் இடது கண். மலையிலிருந்து கொழுந்து மூட்டை தொங்கி இறங்கும் கம்பிக்குக் கீழே நிற்காதீர்கள் என்று எல்லோரையும் விரட்டிவிட்டு அவரே நின்றார். மூட்டை வந்து கண்குழி எலும்பை நொறுக்கியது. கொழும்பில் கண்ணுக்கடியில் ஒரு தகட்டை வைத்துத் தைத்தார்கள். எட்டு வருஷம் குறையில்லை. பிறகு தகடு நழுவியது, கண் உள்ளே இறங்கியது, மேலே பார்த்தால் எல்லாம் இரண்டாயின. மலைக்குக் கீழே நின்று மேலே பார்ப்பதுதான் கங்காணி வேலை. அவர் பார்த்த பெண்கள் இரண்டிரண்டாகவே கொழுந்து பறித்தார்கள். தோட்டத்துரை இரண்டு பேர் பறித்த கொழுந்தையும் நிறுத்துக்கொண்டு ஒருத்திக்கே பேர் போட்டுக் கூலி கொடுத்தார். மாலையில் கங்காணி ஒரு கண்ணைக் கசக்கியதும் மிச்சமானவர்கள் மறைந்தார்கள்.

வருஷங்கள் கழித்தும் இப்படி வரும் என்றார் பதுளைக் கண் டாக்டர். தகட்டை எடுக்கும்வரை ஒரு கண்ணை மூடிக் கட்டச் சொல்லிக் கறுப்புத் துணி கொடுத்தார். அந்த வாரமே இராக்கம்மாவுக்குப் பயண உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் அப்பா அவள் பேரையும் சேர்த்து இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். அழகையாவோ இலங்கைப் பிரஜை. இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கு பிரித்ததில் கோடு அவர்கள் பாய்க்குக் குறுக்கே விழுந்தது.

அழகையா துணியை அடுப்பில் போட்டார். பெண்டாட்டியை அவர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே மேட்டில் நிறுத்திக் கீழேயிருந்து பார்த்தார். இரண்டு இராக்கம்மாக்கள் இறங்கி வந்தார்கள்.

"எவ போறது?" என்றார்.

"அவ போகட்டுமுங்க," என்றார்கள் இருவரும்.

போகிறவளுக்குக் கூறைச் சேலை, இருக்கிறவளுக்குப் புருஷன் என்று அவர் பிரித்தபோது இருவருமே சேலையைப் பிடித்து இழுத்ததை அழகையா சாகும்வரை மறக்கவில்லை.

சேலையை வென்றவள் பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினாள். விசாரிக்க வந்த அதிகாரி, நாட்டைவிட்டுப் போனவள் இங்கே இருக்க முடியாது என்று எழுதிக்கொண்டு, இராக்கம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அழகையா தகட்டை எடுக்கவேயில்லை. தூசி விழுந்தாலும் இரண்டு கண்ணையும் சேர்த்தே மூடினார். சண்டை வந்தால் இராக்கம்மா, "ஒத்தக் கண்ண மூடித்தான் பாருங்களேன், எவ மிஞ்சுறான்னு தெரியும்," என்பாள். அவர் உடனே அடங்கிவிடுவார்.

1981இல் அவர் இறந்தபோது கண்கள் திறந்தே கிடந்தன. மூட வந்த பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவரின் கையை இராக்கம்மா தட்டிவிட்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் இரண்டு இமைகளையும் ஒரே நேரத்தில் இறக்கினாள். அன்று மாலை கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இராக்கம்மா பொட்டை அழித்தாள்.