மாப்பிள்ளை வீட்டுக் குழாய்

வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்களும் படி இறங்கிவிட்டார்கள். கீழே வேன் கிளம்பும் சத்தமும் கேட்டது. குளியலறை மூலையில் மெஷின் நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு குழாய் கேட்பாரற்று நீட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் பையைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ வீட்டுக் குழாய்களை அடைத்திருக்கிறார். மகள் வாழ்ந்த வீட்டுக் குழாயை அடைக்க வருவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. கல்யாணமான புதிதில் அந்த மெஷினை வாங்கித் தந்து, இந்தக் குழாயை இழுத்துப் பொருத்தியதும் அவர்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகும் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, கல்யாணம்தான் நின்றுபோனது. குடியா, அடிதடியா, ஒரு மண்ணும் கிடையாது. இரண்டு பேரும் பேசிப் பேசி ஓய்ந்து, அப்புறம் பேசாமலே ஓய்ந்து, போன மாதம் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டார்கள். பெற்ற மகள் பக்கம் நிற்பதுதான் அப்பன் வேலை, நின்றார். ஆனால் மாப்பிள்ளை மேல் வைத்த பாசத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது? அவர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் பக்கத்திலேயே இருந்து முகம் கழுவிவிட்டவன் அவன். ஆண்பிள்ளை இல்லாத குறையை அந்தப் பதினோரு நாளில் மறந்தவர் அவர்.

காலையில் மகள் போனில் சொல்லியிருந்தாள். "மெஷினை ஏத்தி விட்டுட்டு, அந்தப் பைப்பையும் அடைச்சிட்டு வந்துருங்கப்பா. அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது. வீடெல்லாம் தண்ணியாயிடும்."

அதுவும் உண்மைதான். மாப்பிள்ளை பெரிய படிப்புப் படித்தவன். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மட்டும் அந்தப் படிப்பில் வரவில்லை. இப்போதும் பைப் ரெஞ்சைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"மாமா..." என்றான். "இனிமே அப்படிக் கூப்பிடலாமா?"

"வேற எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவன் ரெஞ்சை அவர் கையில் கொடுத்தான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாளியில தண்ணி புடிக்க ஒரு டேப் வச்சிரட்டுமா? இல்ல, மூடிரட்டுமா?"

"மூடிருங்க மாமா. ஒருத்தனுக்கு ஒரு குழாய் போதும்."

வால்வை அடைத்தார். மெஷினுக்குப் போன பழைய டேப்பைக் கழற்றினார். புது மூடியின் மரையில் வெள்ளை நாடாவைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, கையால் முறுக்கி, ரெஞ்சால் ஒரு அழுத்து அழுத்தினார். வால்வைத் திறந்ததும் சுவருக்குள் தண்ணீர் ஓடிவந்து மூடியில் முட்டி நின்றது.

வேலை முடிந்தால் உடனே கிளம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு துண்டுக் காகிதத்தை மூடிக்கு அடியில் செருகிவைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பார். கால் மணி நேரத்தில் சொட்டாத குழாய் கால் நூற்றாண்டுக்குச் சொட்டாது என்பது அவர் கட்சி. கூட வேலை செய்கிறவர்கள், "குழாய்க்குக் காவல் உட்கார்ந்துட்டாருய்யா" என்று கேலி பேசுவார்கள்.

இன்றைக்கும் காகிதத்தை வைத்தார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது காய்ந்திருந்தால் பையைத் தூக்க வேண்டியதுதான். அப்புறம் இந்த வீட்டுப் படியேற அவருக்கு ஒரு காரணமும் இல்லை. தெருவில் பார்த்தால்கூட, நின்று பேசலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டிவரும். ஒரு சொட்டு கசிந்தால் நாளைக்கும் வரலாம். தன் வேலை பழுதாகிப் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார்.

கால் மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை குனிந்து காகிதத்தை எடுத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"லேசா ஈரம் இருக்கற மாதிரி இருக்கு மாமா."

பிளம்பர் கையில் வாங்கினார். காகிதம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதை ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா மாப்ளே," என்றார். "இருக்கற மாதிரிதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்."

காகிதத்தை மறுபடி மூடிக்கு அடியில் வைத்தார். மாப்பிள்ளை அந்த வெளுத்த சதுரத்தில் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.