குறையில்லாத வீடு

செவன் ஹில்ஸ் புறநகரில் இருந்த தன் வீட்டை மீரா சாஹிபு விற்க நினைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மனைவி சுரையாவுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை. நடந்து போகிற தூரத்தில் ஒரு ஃபிளாட் எடுத்தால் வசதி, அவ்வளவுதான். 2011 மார்ச்சில் வீட்டை விற்பனைக்கு விட்டார்கள். இரண்டாவது சனிக்கிழமையே சவரிமுத்து என்ற மலேசியத் தமிழர் வந்தார், எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஐந்து வேலை நாட்களுக்குள் வாங்குபவர் மனம் மாறலாம் என்று அங்கே சட்டம். ஐந்தாம் நாள் மத்தியானம் சவரிமுத்து மனம் மாறிவிட்டார். வீட்டு ஏஜென்ட் சொன்ன காரணம் பிடிபடாமல், மீரா சாஹிபு தானே அவருக்கு ஃபோன் போட்டார்.

"வீட்டுல ஒரு குறையும் இல்லைங்க," என்றார் சவரிமுத்து, மிகுந்த வருத்தத்தோடு. "குறையே இல்லாத வீட்டை யாராவது விப்பாங்களா? என்னமோ இருக்கு. அது என்னன்னு தெரியாம நான் எப்படி வாங்குறது?"

மீரா சாஹிபு வெஸ்ட்மீட் விஷயத்தை விளக்கினார். இவ்வளவு நியாயமான காரணம் சொல்வதால்தான் சந்தேகம் கூடுகிறது என்று பதில் வந்தது.

சுரையா சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மீரா சாஹிபுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருடம் குடியிருந்த வீடு. அதில் தனக்கே தெரியாத ஏதோ ஒன்றா? கரண்டியால் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். ஹாலின் ஒரு பக்கச் சுவர் மற்றதைவிட மந்தமாகக் கேட்பதாகப் பட்டது. வேலைக்கு லீவு போட்டார். வியாழக்கிழமை கார்ப்பெட்டைச் சுருட்டி, தரைப் பலகை நான்கைக் கழற்றினார்.

சனிக்கிழமை மணி அடித்தது. வாசலில் சவரிமுத்து, ஒரு டார்ச்சோடும் முழங்காலுக்கு வைக்கத் தலையணையோடும். அவருக்கும் அது என்னவென்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லையாம். இருவரும் தரைக்கடியில் இறங்கினார்கள். அன்று வீடு பார்க்க வந்த தம்பதியிடம், தரையிலிருந்து தலையை நீட்டி, "இன்னும் கண்டுபிடிக்கலைங்க," என்று சவரிமுத்து நேர்மையாகச் சொன்னார். ஏஜென்ட் அன்றோடு விலகிக்கொண்டார்.

மூன்று சனிக்கிழமைகள் இப்படிப் போயின. மூன்றாவது வாரம், மழை நாள். சுரையா வேலையால் வந்து, பள்ளத்தின் ஓரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"லோண்டரிக் கதவு மழைக்குத் தடிச்சுப் போகும். உதைச்சாத்தான் திறக்கும்," என்றாள்.

மீரா சாஹிபு மேலே ஏறி வந்தார். "பன்னிரண்டு வருஷமா?"

"ஓம். நீங்க எப்ப உடுப்புத் தோய்க்க அந்தப் பக்கம் போனீங்க?"

சவரிமுத்து மண் ஒட்டிய காலோடு ஓடிப்போய்க் கதவை உதைத்தார். மூன்றாவது உதையில் அது திறந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அந்த வாரமே மறுபடி கையெழுத்தானது. வீட்டை ஒப்படைக்கும்வரை அந்தக் கதவைப் பழுது பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என அவர் பிடிவாதமாக நின்றார். வக்கீல் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதினார்.

சாவி கொடுத்த அன்று நல்ல வெயில். விரலால் தள்ளியதுமே கதவு திறந்துகொண்டது. சவரிமுத்துவின் முகம் வாடிவிட்டது. நாளைக்கு மழை என்று ரேடியோவில் சொன்னதாக மீரா சாஹிபு அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.