சுவிச்சில் தொங்கிய சேட்டு

எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாளில் ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே இறங்குகிறவர் தன் சேட்டைக் கழற்றி மோட்டர் சுவிச்சில் தொங்கவிடுவார். அது தொங்கும்வரை யாரும் சுவிச்சில் கைவைக்கக் கூடாது. மோட்டர் போடுகிறவள் ஷிஹானா, நான். இறங்குகிறவர் என் புருசன் இஸ்ஸதீன்.

வியாழக்கிழமை கழுவவேண்டியதை இந்த மனிதர் வெள்ளிக்குத் தள்ளிப்போட்டார். ஜும்ஆத் தொழுகைக்கு முன் தொட்டி நிரம்பினால்தான் உயரத்திலிருந்து தண்ணீர் தன்பாட்டில் இறங்கிப் பள்ளிக்கும் நூற்றிருபது வீட்டுக்கும் போகும். பதினொரு மணிக்கே எதிர்வீட்டுப் பாத்தும்மா மாமி வெறும் வாளியோடு வந்து நின்று, குழாயில் காற்றுத்தான் வருகிறது என்று என் உயிரை வாங்கினார். அந்த நேரம் பார்த்து மழையும் தூறியது. பம்ப் அறையின் வெளிச்சுவரோரம் காயப்போட்ட உடுப்புகளை ஒரே அள்ளாக அள்ளி வாசல் கதிரையில் எறிந்தேன்.

அதே சுவரில் இருந்த சுவிச்சைப் பார்த்தேன். சேட்டு இல்லை. வேலை முடிந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டார், அவருக்கு அதுதானே பழக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டரைப் போட்டேன்.

தொட்டியின் வெளிப்பக்கம் அளவு காட்டும் முள் ஒன்று உண்டு. உள்ளே தண்ணீர் ஏற ஏற, வெளியே முள் கீழே இறங்கும். அது ஒரு சாண் இறங்கியதும் மாமியின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் ஏணியடியில் என் புருசனுடைய செருப்பைக் கண்டேன்.

சுவிச்சை அடித்து நிறுத்தினேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. உள் ஏணி துருப்பிடித்து உடைந்து, ஒட்டுவதற்கு நெடுங்கேணிப் பட்டறைக்குப் போயிருந்தது. கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கியிருந்தார். குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர் ஆளையே அடித்து விழுத்தும். பாசித் தரையில் மயங்கி விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே போதும்.

"ஆர் சேட்டை எடுத்தது?" என்று மாமியைப் பார்த்துக் கத்தினேன். பாவம், தான் சுவிச்சுப் பக்கமே போகவில்லை என்று அவர் அழுதார்.

நாற்பது அடி ஏணி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேல்வாயிலில் தலையை விட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அல்லாஹ்வே என்று அழுதுகொண்டு மறுபடியும் கூப்பிட்டேன். இருட்டுக்குள் ஒரு இருமல் கேட்டது. பிறகு கயிறு அசைந்தது.

நெற்றியில் இரத்தத்தோடு மேலே வந்து என் பக்கத்தில் சாய்ந்தார்.

"சேட்டைக் கொழுவிட்டுத்தானே இறங்கினனான், ஷிஹானா?"

மாமி எடுத்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே மாமி, நனைந்து வருகிறவருக்கு மாற்றுடுப்புத் தேடி, கதிரையில் நான் எறிந்த குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருந்து அந்த நீலச் சேட்டு வந்தது. மாமி அதைத் தூக்கிக் காட்டவில்லை. மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் எடுத்தனான்," என்றேன்.