உம் கொட்டியவர்களின் காடு

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. மோட்டார் படகில் நெல்வா யம்பிஸ் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அதுதான் மரியாதை என்று நினைப்பு. பாதியில் நிறுத்திவிட்டாள்.

“ஏய், கேக்குறியா, செத்துப் போயிட்டியா? ஒரு ‘ம்’ போட்டா வாய் வலிக்குமா?”

இந்த ஆற்றங்கரையில் மரவள்ளிக் கிழங்கு தின்றே தலை நரைத்தவன் நான். புத்திதான் வரவில்லை. இந்தக் காட்டுப் பூர்வகுடிகளான அவாஹுன் மக்களிடம் ஒருவர் பேசினால் கேட்பவர் வாக்கியத்துக்கு ஒரு ‘ம்’ கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் பேசுபவரை அவமதித்த மாதிரி.

அவள் சொன்னதை எழுதப் பார்க்கிறேன். முதல் தொடக்கம்:

‘பனி விலகாத ஆற்றின் மேல் ஒற்றைப் பறவை—’

தூ. சுற்றுலாக்காரன் வாக்கியம். இரண்டாவது:

‘பூர்வகுடிகளிடம் கலந்து பேசாமல் அவர்கள் நிலத்தைத் தொடும் எந்த விதியையும் அரசு—’

தூக்கம் வருகிறது. ஆனால் விஷயமே இதுதான், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நெல்வா கலந்தாய்வு ஒருங்கிணைப்பாளர். அரசு புதிய வன விதி கொண்டுவந்தால் ஆற்றோர ஊர்களைக் கூட்டி, விதியை அவர்கள் மொழியில் சொல்லி, அவர்கள் பதிலை ஸ்பானிய மொழியில் சேர்ப்பிப்பது அவள் வேலை. (ஊரின் பெயரைத் தேடாதீர்கள். ஊரும் விதியும் நான் கட்டியவை.)

இம்முறை வந்த விதியில் ஒரு பிரிவு இருந்தது: ஐந்து வருஷம் பயிர் செய்யாத தோட்டம் கைவிடப்பட்ட நிலம், அரசு அதை யாருக்கும் குத்தகைக்கு விடலாம். இங்கே யாரும் தோட்டத்தைக் கைவிடுவதில்லை. கிழங்கை எடுத்ததும் காட்டிடம் திருப்பிக் கொடுப்பார்கள். மண் தேறியதும் மகளோ பேத்தியோ வந்து மறுபடி வெட்டுவாள். நெல்வாவின் அம்மா நட்ட பனைகள் நிற்கும் பழைய தோட்டமும் அப்படித்தான் அவளுக்காகக் காத்துக்கிடந்தது.

முதல் கூட்டத்தில் தலைநகர வக்கீல் உர்பினா விதியைப் படித்தார். நெல்வா மொழிபெயர்த்தாள். கூடம் முழுக்க மரியாதையாக ‘ம்’ கொட்டியது. கலையும்போது அத்தனை பேரும் அந்த விதியைக் காறித் துப்பிவிட்டுத்தான் போனார்கள். வக்கீலின் கூட்டக் குறிப்போ, ‘எல்லாப் பிரிவுக்கும் மக்கள் வாய்மொழியாகச் சம்மதித்தனர்’ என்றது. கீழே ஒருங்கிணைப்பாளர் என்று நெல்வாவின் பெயர்.

கேட்க வேண்டுமா? மாமா மகன் எபெர்த்தோ படகுத்துறையிலேயே மறித்துக்கொண்டான்.

“என்ன நெல்வா, காடு நல்ல வெலைக்குப் போச்சா? உங்கம்மா பனையையும் சேத்துத்தான் வித்தியா?”

“நீயும்தான ‘ம்’ கொட்டுன மச்சான்!”

“மனுசன் பேசுறப்ப கொட்டாம? நான் என்ன வளப்பு சரியில்லாதவனா?”

(‘மச்சான்’ என்று எழுத நான் யோசிக்கவே இல்லை. இங்கேயும் மாமா மகன் முறைமாப்பிள்ளைதான். நெல்வா வேறொருவனைக் கட்டியதால் கிண்டல் இரட்டிப்பு.)

அவன் சிரிக்காமல் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது. வக்கீலுக்குப் போன் போட்டாள். “என் காதால கேட்டேனேம்மா, எல்லாரும் சரின்னாங்களே” என்றார். அடுத்த கூட்டத்தில் குறிப்பில் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் அம்மாவின் தோட்டம் போயிற்று.

3

உர்பினாவுக்கு முதல் பிரதியில் தங்கப்பல்லும் கள்ளச் சிரிப்பும் வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது நெல்வா பல்லைப் பிடுங்கிவிட்டாள்.

“அந்தாளு கெட்டவரு இல்ல. காதைத் தலைநகரத்துலயே வச்சிட்டு வந்துட்டாரு, அவ்வளவுதான்.”

அவள் சொன்னால் சரி. வில்லன் இல்லாமல் கதை நொண்டுமே என்ற பயம் எனக்கு. நொண்டினால் நொண்டட்டும்.

4

கையெழுத்துக் கூட்டத்தை இப்படி எழுதினேன்: வக்கீல் படிக்கிறார். ஒரு ‘ம்’ கூட இல்லை. கூடத்தின் மௌனம் பாறை போல—

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடக்கவில்லை. நெல்வா இதை ஊரை வைத்து ஒத்திகையே பார்த்திருக்கிறாள். எபெர்த்தோவால் மூன்று வாக்கியம் தாங்க முடியவில்லை.

“தொண்ட அரிக்குது நெல்வா! பொணம் மாதிரி எப்படி ஒக்காருறது?”

ஊரே சிரித்தது. நெல்வா சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப நீ பேசு மச்சான். அவரு கேக்கட்டும்.”

5

நடந்தது இது.

வக்கீல் வந்தார். மசாத்தோ, அதாவது மரவள்ளிக் கள், கிண்ணத்தில் வந்தது. முகம் சுளிக்காமல் குடித்தார். விருந்தாளியை வரவேற்று எங்கள் ஆள் இரண்டு வார்த்தை பேசுவார் என்றாள் நெல்வா. எபெர்த்தோ எழுந்து நல்ல ஸ்பானிய மொழியில் தொடங்கினான்.

“டாக்டர் வெகுதூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க.” (இங்கே வக்கீலையும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.)

“ஆமாங்க, ஆமாங்க.”

“கடற்கரையில உங்களுக்கு ஒரு வீடு இருக்காமே. லீவுக்கு மட்டும் போவீங்களாம்.”

“ஆமாங்க.”

“மத்த நாளெல்லாம் பூட்டிக் கெடக்கும். பூட்டிக் கெடந்தா அது கைவிட்ட வீடுதான.”

“சரிங்க, சரிங்க.” இனிமையாகத் தலையாட்டினார். பாதி கவனம் தன் கோப்பில்.

“என் மச்சினனுக்குப் பன்னி வளக்க எடம் இல்ல. அடுத்த மாசம் பன்னிங்களோட அங்க குடிபோறான்.”

“ஆமாங்க, ஆமா... என்னது?”

நெல்வா பேனாவை எடுத்தாள். “டாக்டர் ஒவ்வொரு பிரிவுக்கும் வாய்மொழியாச் சம்மதிச்சாரு. எழுதிக்கவா?”

“ஐயையோ, சம்மதமா? மரியாதைக்குக் கேட்டுக்கிட்டு இருந்தேம்மா!”

அப்போது கூடம் முழுக்க ஒரே குரலில், ஆழமாக, நிதானமாக, “ம்” என்றது.

வக்கீலின் காதுகள் அந்த நிமிஷம்தான் ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நெல்வாவைப் பார்த்தார். கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார்.

“அடக் கடவுளே” என்றார். “அன்னைக்கும் இதேதானா?”

“அதேதான் டாக்டர். கதைக்கு உம் கொட்டுனா காணிய எழுதிக் குடுத்ததா ஆயிடுமா?”

குறிப்பை அவரே குறுக்கே கிழித்தார். பிறகு அந்தப் பிரிவை மறுபடி படித்து, ஒவ்வொரு வீட்டிடமும் தனித்தனியாக, வார்த்தையில் பதில் கேட்டார். வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம். புதிய குறிப்பில் அந்தப் பிரிவு இல்லை. காட்டிடம் திருப்பிக் கொடுத்த தோட்டம், கொடுத்தவர் தோட்டமே என்று எழுதினார்கள். ‘ம்’ சம்மதம் ஆகாது என்று தனியாக ஒரு வரியும் சேர்ந்தது. அதை நெல்வா தன் கையால் எழுதினாள். எழுதும்போது கண் கலங்கியதாக நான் எழுத, “வியர்வை” என்று திருத்தச் சொன்னாள். சரி, வியர்வை.

இங்கே கள்ளுக் கிண்ணம் நீட்டுவது பெண்கள்தான். எபெர்த்தோ ஒரு கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து வந்தான். ஊர் ஊளையிட்டுச் சிரித்தது.

“குடி நெல்வா. உங்கம்மா பனை எங்கயும் போகல. காட்ட வெட்டுறப்ப கூப்புடு, வர்றேன்.”

அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

6

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தலைநகரம் அந்தக் குறிப்பை என்ன செய்யும் என்று கேட்பீர்களே. இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் அது அப்படியே சட்டமாகிறது. இன்னொன்றில் ஒரு மேசை இழுப்பறைக்குள்—

நெல்வாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ம்’ கொட்டினாள். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

“அப்ப பிடிச்சிருக்கு?”

“கேட்டேன்னுதான சொன்னேன். பிடிச்சுதுன்னு எப்ப சொன்னேன்? மேசை இழுப்பறைய வெட்டு. அதுக்குள்ள போனா தெறந்து எடுத்துட்டு வர எங்களுக்குத் தெரியும்.”

வெட்டிவிட்டேன். நீங்களும் இதுவரை மனத்துக்குள் ‘ம்’ கொட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை, விதி அப்படி. பனந்தோப்பில் கத்தியோடு நெல்வா நிற்கிறாள், எபெர்த்தோ பின்னால் கிண்டலடித்துக்கொண்டு வருகிறான். அந்தத் தோட்டம் யாருடையது? வாயைத் திறந்து, வார்த்தையில் சொல்லுங்கள்.