பிறை தெரியாத வருஷம்

சாதிக் பாட்சாவின் ஹேன்போன் அவருடைய ஜனாஸாத் தொழுகையின் நடுவிலேயே அடித்தது.

முதல் வரிசையில் நின்ற மகன் வாஜிதின் ஜிப்பாப் பையிலிருந்து அது கத்திக்கொண்டே இருந்தது. பருப்புத் தரகர் இறந்துபோன செய்தி ரங்கூன் முழுக்கப் போய்ச் சேர்வதற்குள் உளுந்து விலை கேட்க யாருக்கோ அவசரம் வந்துவிட்டது. அத்தா உயிரோடு இருந்தவரை அந்தப் போனை வீட்டில் ஒருவரும் தொட்டதில்லை. ஓசையை மட்டும் அடக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வாஜிதுக்கு எப்படித் தெரியும்? சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டான். திரை ஒருமுறை மின்னி இருண்டது. அப்பாடா என்று பின்வரிசையில் யாரோ மூச்சு விட்டார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் குறைந்த பிறகு அணைந்துகிடந்த போனைத் திறந்தார்கள். அது நாலு இலக்க ரகசிய எண் கேட்டது.

அந்தப் போனுக்குள் இருந்த சிம் அட்டைதான் சாதிக் பாட்சா சேர்த்துவைத்த சொத்து முழுவதும். விரல் நகத்தளவு அட்டை. அந்த நாளில் ரங்கூனில் அதன் விலைக்கு ஊர்ப்புறத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிடலாம். மனைவி சைதாவின் வளையல்களையும் விற்றுத்தான் அதை வாங்கினார். "நோட்டு ஒரே ராத்திரியில செத்துப்போவும், பாத்திருக்கோம். பேங்கு கதவச் சாத்திக்கும், அதையும் பாத்தாச்சு. இது மட்டும்தான் சைதா ஏறிக்கிட்டே இருக்கும்" என்பார். அதை விற்றால் பபேடான் கடைத்தெருவில் ஒரு சின்னப் பருப்புக்கடை போடலாம். மகள் மெஹ்ரீன் படிப்பை முடிக்கலாம். விற்க முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு த்வாண்டேக்குப் போய் மாமுவின் நிழலில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்ராஹிம் மாமு, சைதாவின் தம்பி. த்வாண்டேயிலிருந்து பானைகளைப் படகில் ஏற்றி அனுப்புகிறவர். நல்ல மனிதர்தான், பொறுமைதான் கிடையாது. போனை வாங்கியவர் யாரையும் கேட்காமல் எண்ணை அடித்தார்.

"மாமு, என்ன போட்டீங்க?" என்றான் வாஜித்.

"முஸ்லிமான வீட்ல வேற என்ன போடுவாங்க? கடைப்பலகையில எழுதியிருக்கிறதுதான். எழுநூத்தி எம்பத்தாறு, முன்னால ஒரு சைபர்."

போன் அதை ஏற்கவில்லை.

"அமலே!" என்று பர்மியரைப் போலத் தலையில் அடித்துக்கொண்டாள் மெஹ்ரீன். "ரங்கூன்ல இருக்கிற திருடன்கூட மொதல்ல அதத்தானே மாமு போட்டுப் பாப்பான்! அத்தாவுக்கு அது தெரியாதா?"

"அப்ப நீ சொல்லு, பர்மாக்காரி."

அவள் சொல்லவில்லை. போனைப் பிடுங்கித் தன் பிறந்த நாளையும் மாதத்தையும் அடித்தாள். அடித்த வேகத்திலேயே தெரிந்தது, அவளுக்குச் சந்தேகமே இல்லை. அத்தாவின் செல்லம் அவள், தெருவுக்கே தெரியும். போன் அதையும் மறுத்தது. மெஹ்ரீன் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது கைவிட்டுப்போன சொத்துக்காக அல்ல என்று வாஜிதுக்குப் புரிந்தது. தன்னுடைய தேதியை ஒருவரும் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லையே என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. போட்டு, இல்லை என்று வந்தால் என்ன செய்வது என்றும் தோன்றியது. போனை எடுத்துப் பீரோவின் மேல் வைத்தான்.

மறுநாள் போன் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் கோ தின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பர்மியில் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு தடவைதான், தம்பி. அதுவும் தப்பினா பூட்டிக்கும். அப்புறம் எட்டு எண் கேக்கும். அது டெலிபோன் ஆபீஸ்ல இருக்கு. சிம் யார் பேர்ல இருக்கோ அவர் நேர்ல வந்தாத்தான் குடுப்பாங்க."

"இப்படியே நீங்க வாங்கிக்கிறீங்களா? பாதி விலைக்கு?"

"இப்போ இது பல்லுக் குத்தக்கூட ஆகாதே."

சிம் அத்தாவின் பேரில் இல்லை. அந்நாளில் அப்படித்தான், அரசாங்கத்தில் செல்வாக்குள்ளவருக்குக் கிடைக்கும், அவர் வெளியே விற்றுவிடுவார். காகிதத்தில் ஊ தௌங் ஷ்வே என்ற பெயரும் மிங்கலாடோன் விலாசமும் இருந்தன. வாஜிதும் மாமுவும் பஸ் ஏறிப் போனார்கள். விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு இறங்கின. கதவைப் பாதி திறந்த பெண் பெயரைக் கேட்டதுமே சிரித்தாள். "வீட்ட வித்துட்டுப் போயிட்டார். எங்கன்னு தெரியாது. உங்கள மாதிரி எத்தனையோ பேர் வந்து கேட்டுட்டாங்க."

சைதா, கணவனை இழந்தவள் வீட்டோடு தனித்திருக்கும் இத்தாவில் இருந்தாள். உள்ளறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. நடந்ததையெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள், அன்று மஃரிபு தொழுதுவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"மாஹிரோட நாளா இருக்கும்" என்றாள்.

"யாரும்மா மாஹிர்?" அண்ணனை முந்திக்கொண்டு மெஹ்ரீன் கேட்டாள்.

தங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போனது என்று மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பது தெரியாது.

"எம்பத்தெட்டுல. அரசாங்கத்த எதிர்த்துத் தெருவுல தினமும் ஊர்வலம். ஆஸ்பத்திரிக்கு எங்க போறது? மருத்துவச்சி வந்துதான் பாத்தா. ரெண்டு நாள் பால் குடிச்சான். அப்புறம் குடிக்கல. ஒங்கத்தா தன்னந்தனியா துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அந்தப் பேர இந்த வீட்ல சொல்லல." சைதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "போன் வாங்கின அன்னிக்கு, மறக்கவே முடியாத நம்பரா ஒண்ணு வைக்கணுமாம் சைதா, அப்படின்னாரு. என்ன வச்சீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அவரு மூஞ்சியப் பாத்தேன். கேக்கல."

"அவன் பொறந்தது என்னிக்கு?"

"முஹர்ரம் பத்து. ஆஷூரா நோன்பு வைக்க நிய்யத் பண்ணியிருந்தேன், விடியக்காலம் வலி எடுத்துருச்சு."

"இங்கிலீஷ் தேதி, ம்மா."

"காலண்டர் பாக்குற காலமாடா அது?"

வாஜித் பள்ளிவாசலுக்கு ஓடினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவனுடைய கையில்தான் இந்த வீடே இருந்தது. இமாம் ஹஜ்ரத் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ஆகஸ்ட் இருபத்துமூணு. ஆனா அது முஹர்ரம் மொதப் பிறை தெரிஞ்சிருந்தா. ஆகஸ்டுல இங்க வானம் எப்படி இருக்கும், சொல்லு? ஒரே மழை மூட்டம். பிறை தெரியாம, முந்தின மாசம் துல்ஹஜ்ஜ முப்பது நாளாப் பூர்த்தி பண்ணியிருந்தா, இருபத்துநாலு."

"அந்த வருஷம் தெரிஞ்சதா, ஹஜ்ரத்?"

"நான் அப்ப மோல்மேன்ல ஓதிக்கிட்டிருந்தேன்ப்பா. இங்க வெளிய தல நீட்டவே பயந்தாங்களாம். வானத்த யாரு பாத்தாங்களோ."

பெரியவர்கள் பலரிடம் கேட்டான். ஒருவர் இருபத்துமூன்று என்றார், ஒருவர் இருபத்துநாலு என்றார். இன்னொருவர், துப்பாக்கிச் சூடு நடந்த நாளெல்லாம் நினைவிருக்கிறது, நோன்பு வைத்த நாள் நினைவில்லை என்று அழுதார்.

போன் பீரோவின் மேல் கிடந்தது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்காமல் நடமாடினார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமு வந்தார். மாடியறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டதாகச் சொன்னார். "பானை அடுக்க எனக்கும் ஆள் வேணும். வாஜித் உடைக்காம அடுக்குவான்னா சொல்லு" என்று சிரிக்கப் பார்த்தார்.

வாஜித் போனை எடுத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான்.

"நீங்களே சொல்லுங்கம்மா. மூணா, நாலா?"

"பெத்தவ நான். எனக்கே தெரியல, பாரு இந்தக் கூத்த." சைதா கண்ணை மூடினாள். மழையா, வெயிலா, யாராவது பிறை பிறை என்று கத்தினார்களா என்று எங்கோ தேடிக்கொண்டிருந்தாள். அகப்பட்டது வலி ஒன்றுதான். "மொதல்ல வர்றதப் போடு. பிஸ்மி சொல்லிப் போடு."

இரண்டு. மூன்று. சைபர். எட்டு.

திரை சற்று யோசித்தது. பிறகு எட்டு எண் கேட்டது.

மெஹ்ரீன் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய்ச் சாய்ந்தாள். மாமு தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என்னடா சொல்லுது?" என்றாள் சைதா.

"இல்லையாம்மா."

அவள் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. ஓதுகிறாள் என்று வாஜித் நினைத்தான்.

"அப்ப இருபத்துநாலு" என்றாள். "எம்புள்ள பொறந்தது இருபத்துநாலு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அது மாஹிரின் நாளாக இல்லாமலே இருக்கலாம். பழைய பருப்புக் கிட்டங்கியின் கதவு எண்ணாக இருக்கலாம், ஏதோ ஒரு லாரியின் எண்ணாக இருக்கலாம். வாஜித் வாயைத் திறந்தான். சுவரோரமிருந்து மெஹ்ரீன் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஆமாம்மா" என்றான்.

"அது என்ன கெழமைன்னு பாத்துச் சொல்றியா, வாஜித்?"